பழைய ஜிப்சியில் ஸ்டியரிங் ஆட்டம்: டேம்பரை மாற்றினால் போதுமா?

1985-ல் அறிமுகமான மாருதி ஜிப்சிக்கு செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்றும் மவுசு குறையவில்லை. ஆனால் வாங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: ‘60-ஐத் தாண்டினா ஸ்டியரிங் கையிலேயே நிக்க மாட்டேங்குது!’

ஏன் இப்படி?

ஜிப்சியின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு ஆக்சிலில் இணைந்திருக்கின்றன. பள்ளத்தில் இறங்கி ஒரு சக்கரம் உதறினால், உதறல் மற்றதற்கும் தாவும். இணைப்புகள் தேய்ந்து ‘ப்ளே’ இருந்தால், அது அடங்காமல் பெருகும். இதைத்தான் ‘டெத் வாபிள்’ என்கிறார்கள்.

எப்போது ஆடுகிறது?

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் லேசாக அதிர்ந்தால், வீல் பேலன்ஸிங்கைப் பாருங்கள். ரிம்முக்குள் காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால், பிரேக் டிஸ்க் மேல் சந்தேகம். பள்ளத்தில் விழுந்ததும் பேயாட்டம் போட்டால், தேய்ந்த இணைப்புகளைத் தேட வேண்டும்.

செக் செய்வது எப்படி?

முதலில் டயர் காற்று, டயரில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடவலமாக லேசாக ஆட்டட்டும். இன்னொருவர் டை ராட் எண்டுகளைக் கவனிக்கட்டும். ராட் அசைந்த பிறகே சக்கரம் அசைந்தால், அந்த மூட்டு தேய்ந்துவிட்டது.

அடுத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள்; பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங்.

லீஃப் ஸ்பிரிங் புஷ், யூ போல்ட் இறுக்கத்தையும் விட்டுவிடக் கூடாது.

டேம்பர் கடைசியில்தான்

‘டேம்பர் மாத்துனா சரியாயிடும்’ என்று மெக்கானிக் சொன்னால் உஷார். புது டேம்பர் ஆட்டத்தைச் சில நாள் அமுக்கி வைக்கும். தேய்ந்த மூட்டு உள்ளே அப்படியேதான் இருக்கும். அது கழன்றால் ஸ்டியரிங்கே வேலை செய்யாது.

ஓடும்போது ஆடினால்?

ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் படிப்படியாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டதே என்று மறுபடி ஹைவேயில் ஏற வேண்டாம். காரணம் தெரியும்வரை வண்டி ஷெட்டில் நிற்பதே நல்லது.