தோடு அடகு வைத்து வாங்கிய மடிக்கணினி



கல்யாண வீட்டில் பாட்டுப் போடுவது ஆண்களின் தொழில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இன்று டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களில் கல்யாணம், சடங்கு, பிறந்தநாள் என்றால் என்னையும் அழைக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு மடிக்கணினி வாங்கப் போய் நான் பட்ட பாட்டையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். நீங்கள் என்னைப் போல் ஏமாறக்கூடாது.

1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. நான் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சியில். 2009 இல் கணவரை இழந்தேன். முகாமிலிருந்து வெளியே வந்து, கைக்குழந்தையுடன் டிக்கோயாவில் பெரியம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தேன். சில வருடங்கள் கொழுந்து எடுத்தேன். பெரியம்மாவின் மகன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். ஓய்வு நாட்களில் அவருக்கு உதவியாகப் போய்ப் பழகியதுதான் டீ.ஜே. வேலை. ஒரு பாட்டு முடியும் முன்னரே அடுத்த பாட்டைத் தாளம் பிசகாமல் இணைப்பதுதான் அதன் நுட்பம்.

2018 இல் என்னிடமிருந்த ஒரே தோட்டை அடகு வைத்து ஒரு புதிய மடிக்கணினி வாங்கினேன். மெல்லியது, பளபளப்பானது. கடைக்காரர் சொன்னதை நம்பினேன். இரண்டாம் மாதமே ஒரு சடங்கு வீட்டில், பிள்ளையை மணையில் இருத்தும் நேரத்தில், பாட்டுக் கரகரத்து நின்றுவிட்டது. "பொம்பள போட்டா இப்பிடித்தான்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிரவு நான் உறங்கவில்லை.

எங்கே தவறு?

ஹட்டனில் கணினி திருத்தும் தம்பி ஒருவர் அதைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தது சுழலும் வன்தட்டு. பெரிய ஒலிபெருக்கியின் அதிர்வு அதைத் தடுமாறச் செய்யும். சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி. தட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, வேகமும் அதிகம். அதை மட்டும் மாற்றினோம். கணினி உயிர் பெற்றது. ஆனால் ரேம் நினைவகம் 4 ஜீபி மட்டுமே. அதுவும் பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. கூட்ட வழியில்லை. "அக்கா, வாங்குறதுக்கு முன்னாடி இதத்தான் கேட்டிருக்கணும்" என்றார் தம்பி.

அந்தக் கணினியோடுதான் சில வருடங்கள் ஓட்டினேன். அதில் உழைத்தே தோட்டை மீட்டேன். 2023 இல் பாவித்த அலுவலக வகை மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். தடிப்பாக, அழகில்லாமல் இருந்தது. ஆனால் ரேம் பொருத்த இரண்டு இடங்கள் இருந்தன. முதலில் 8 ஜீபி. கையில் பணம் வந்தபோது இன்னும் 8 ஜீபி சேர்த்தேன்.

வாங்கும்போது கவனியுங்கள்

ரேம் குறைந்தது 8 ஜீபி இருக்கட்டும். பின்னர் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். தட்டு எஸ்.எஸ்.டி. ஆக இருக்க வேண்டும். நல்ல தரமான எம்பி3 பாட்டு ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 எம்பி இடம் பிடிக்கும். ஆகவே 256 ஜீபி தட்டிலேயே பல ஆயிரம் பாட்டுகள் வைக்கலாம்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடுவதற்கு, இன்டெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். பழையதை மலிவாகத் தருகிறார்கள் என்று அவசரப்பட வேண்டாம்.

சபைக்கு ஒரு பாட்டு ஒலிக்கும்போதே அடுத்த பாட்டை நாம் காதில் கேட்டுப் பார்க்க வேண்டும். கணினியின் ஒற்றைத் துளையில் இது சரிவராது. இரண்டு வெளியீடுள்ள சிறிய ஒலி அட்டை ஒன்றை வெளியே இணைக்க வேண்டும். அதனால் யூ.எஸ்.பி. துளைகள் இரண்டாவது இருக்கட்டும்.

கரகரப்பு வந்தால் உடனே கணினியைக் குறை சொல்லாதீர்கள். ஒலி ஒரு வினாடிக்கு 44,100 துணுக்குகளாகப் போகிறது. கணினி அவற்றைச் சிறு கட்டுகளாகச் சேர்த்து அனுப்பும். கட்டு மிகச் சிறிதானால் கணினிக்கு மூச்சு முட்டும். 512 என்று வையுங்கள். தாமதம் சுமார் 12 மில்லி வினாடிதான். வேலை நேரத்தில் வைஃபையையும் நிறுத்தி வையுங்கள்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பாட்டு இணைக்க மிக்ஸ், ஒலியை வெட்டி ஒட்ட ஓடாசிட்டி, இரண்டும் இலவசம்.

எங்கள் மலையில் இன்னொரு எதிரி ஈரம். குளிரில் கொண்டுவந்த கணினியைச் சூடான மண்டபத்தில் உடனே இயக்காதீர்கள். உள்ளே நீர் பனித்திருக்கும். பையிலேயே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பற்றரியையும் சோதித்து வாங்குங்கள். 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தை நாம் மறக்க முடியாது.

மாதங்கி அருள்பிரகாசம் என்ற நம் தமிழ்ப்பெண், சிறுவயதில் போரினால் அகதியாக லண்டன் போனவர். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005 இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதற்கு முன் அவர் பாட்டுகளை உருவாக்கிப் பழகியது, தோழி ஒருவர் இரவல் கொடுத்த ரோலண்ட் எம்.சி.505 என்ற கருவியில். இருப்பதை முழுமையாக அறிந்து பாவித்தால் போதும் என்று எனக்குத் தைரியம் தந்தது அந்தச் செய்தி.

கடைசியாக ஒன்று. பெரியம்மா பாடும் தாலாட்டுகளையும் கொழுந்துப் பாட்டுகளையும் ஓடாசிட்டியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். என் அம்மா பாடிய கசெட் 2009 இல் இடம்பெயர்ந்த வழியில் தொலைந்து போனது. அதற்குப் பிரதி இருக்கவில்லை. இப்போது என் பாட்டுகள் அனைத்தும் கணினியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கின்றன. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.