அண்ணாச்சி கடை வரைக்கும்

மணலிக்குப் பக்கத்திலிருக்கும் எம்எம்டிஏ மாத்தூரில் ஒருகாலத்தில் வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அடுத்து உரத் தொழிற்சாலை வந்தது. ஆலை வேலையை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் குடும்பங்கள் வந்து இறங்கின. பெருநகர வளர்ச்சிக் குழுமமான எம்எம்டிஏ பிரித்துக் கொடுத்த மனைகளில் ஒருவர் பின் ஒருவராகக் கடைக்கால் போட்டார்கள். சுவர் எழும்பாத மனையெல்லாம் பிள்ளைகளுடையது. முள்ளை வெட்டி ஒதுக்கினால் அதுவே கிரிக்கெட் பிட்ச். கோடை லீவு வந்தால் வானம் முழுக்கக் காத்தாடி.

விளையாட்டைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பிள்ளைகள் செய்த வேலைகள். "அண்ணாச்சி கடையில கால் கிலோ துவரம் பருப்பு, நோட்டுல எழுதிக்கச் சொல்லு." "ரேஷன்ல மண்ணெண்ணெய் ஊத்துறாங்களான்னு பாத்துட்டு வா." தண்ணி லாரி வந்தால் குடத்தோடு வரிசையில் நிற்பதும் அவர்கள்தான். ஏழு வயசுப் பிள்ளை மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும். வரிசையில் குறுக்கே நுழையும் பெரியவரிடம் "நான்தான் முன்னாடி" என்று சொல்லும். நாய் துரத்தினால் ஓடக் கூடாது என்பதையும், எந்த வீட்டுத் திண்ணையில் ஒதுங்கலாம் என்பதையும் யாரும் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. வழியில் தப்புத்தண்டா செய்தால் "யார் வீட்டுப் பையன்டா நீ?" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல்தான் அன்றைய காவல்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சுதந்திரத்தில் பெரும்பங்கு பையன்களுக்குப் போனது. வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தெரு அதோடு முடிந்தது. அதற்கு முன்னாலும் குடமும் தம்பியும் அவள் இடுப்பில்தான். இந்த ஒன்றில் இன்று நிச்சயமாக மேல். 2001-02-இல் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது எல்லா மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. தானாகச் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகும் பெண்ணை அன்று இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும்.

2011-இல் மாத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. காலி மனைகள் நிறைந்தன. இரும்பு கேட்டும் கேமராவும் வந்தன. காலையில் வேன் வாசலுக்கே வந்து பிள்ளையை ஏற்றுகிறது, மாலையில் வாசலிலேயே இறக்குகிறது. அதன்பின் டியூஷன், பிறகு செல்போன். ஐந்தாம் வகுப்பு முடிந்தும் 200 அடி ரோட்டைத் தனியாகக் கடந்திராத பிள்ளைகள் இங்கே ஏராளம். தெருக்கோடிக் கடைக்கு அனுப்பக்கூட அம்மாவுக்கு மனசு வருவதில்லை.

அந்தப் பயத்தை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. ஆனால் அது எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்று கேட்டாக வேண்டும். பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிடுவான் என்பதுதான் முதல் பயம். 2018 மே மாதம் வாட்ஸ்அப்பில் இந்த வதந்தி ஊர் ஊராகப் பரவியது. இங்கிருந்து வடக்கே பழவேற்காட்டில் ஒரு மனிதரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்து அடித்துக் கொன்று, பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே வாரத்தில் போளூர் அருகே, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரும் அடித்துக் கொல்லப்பட்டார். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும், பிள்ளைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளின் கணக்கோ வேறு கதை சொல்கிறது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்த ஆள். கதவைச் சாத்தினால் அந்த ஆபத்து வெளியே நின்றுவிடாது. "வேண்டாம்" என்று சத்தம் போடவும், வீட்டில் வந்து சொல்லவும் துணிச்சல் வேண்டும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசியிராத பிள்ளைக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

நம் கண்ணெதிரே இருக்கும் ஆபத்து கன்டெய்னர் லாரி. சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்றுக்கும் போகிற வருகிற சரக்கு இந்த வட்டாரத்து யார்டுகளைச் சுற்றித்தான் நகர்கிறது. 2022-இல் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். இங்கே நடைபாதை இருந்தால் அதன்மேல் வண்டி நிற்கிறது, இல்லாவிட்டால் லாரிச் சக்கரத்தை ஒட்டியே நடக்க வேண்டும்.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளர் 1990-இல் பிள்ளைகள் தனியாக வெளியே போவதைப் பற்றி ஒரு கணக்கு எடுத்தார். 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் தாங்களாகவே பள்ளிக்கூடம் போனார்கள். 1990-இல் அப்படிப் போனவர்கள் 9 சதவீதம். சாலையில் இறக்கும் பிள்ளைகள் குறைந்திருந்தார்கள். சாலை பத்திரமாகிவிட்டது என்று அரசு சொன்னது. பிள்ளைகளைத் தெருவிலிருந்து அகற்றியதால் வந்த குறைவு அது என்றார் ஹில்மன். மாத்தூரில் நடந்ததும் அதுதான். ரோட்டை லாரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டினோம்.

பள்ளி வண்டியும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2012-இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அவசியமான விதிகள். ஆனால் வேன் இல்லாமலே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தை நாம்தான் ஒதுக்கினோம். நடந்து போகிற பிள்ளைகள் குறையக் குறைய, தெருவைக் கவனிக்கிற கண்களும் குறைந்தன. மீதிப் பிள்ளைகளுக்கு அதனாலேயே ஆபத்து கூடியது.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. பத்து வயசில் பருப்பு வாங்க அனுப்பாத அதே வீடு, பதினைந்து வயசில் ஸ்கூட்டி சாவியைக் கொடுக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டம் இருக்கட்டும். வண்டியின் வேகத்தைக் கண்ணால் கணிக்கவும், வளைவில் தயங்கவும் நடக்கிற வயசில் பழகாத பிள்ளை, லாரிகளுக்கு நடுவே அதை முதல்முதலாகக் கற்றுக்கொள்கிறது.

ஒரே நாளில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. முதலில் தெருக்கோடிக் கடை. கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை. ஒரே தெருவில் நாலைந்து வீடுகள் பேசி, பிள்ளைகளைக் கூட்டமாக நடக்க விடலாம். ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பல ஊர்களில் அப்படித்தான் போகிறார்கள். பெற்றோரால் ஆகாதது 200 அடி ரோடு. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அங்கே சிக்னலும் ஒரு காவலரும் வேண்டும், லாரிகள் அந்த நேரத்தில் யார்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். மாநகராட்சியிடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் மாத்தூர்க்காரர்கள் சேர்ந்து கேட்க வேண்டியது இதைத்தான்.