வெள்ளி வென்றவரைத் தோற்றவர் என்று சொல்லலாமா?

2012 ஆகஸ்டு 5, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தாமானில் உள்ள மாமாக் கடையில் உட்கார இடமில்லை. பெரிய திரையில் லண்டன் ஒலிம்பிக் ஆண்கள் ஒற்றையர் பூப்பந்து இறுதியாட்டம். நம் நாட்டின் லீ சோங் வெய்யும் சீனாவின் லின் டானும் மோதினார்கள். முதல் செட்டை லீ 21-15 என்று கைப்பற்றியபோது, தே தாரே ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். இரண்டாவது செட் 10-21. மூன்றாவது செட் 19-21. கடை முழுக்க அமைதி.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதும் ஆண்டு. "இவரு எப்பவுமே இப்படித்தான். முக்கியமான நேரத்துல கோட்டை விட்டுடுவாரு" என்று சத்தமாகவே சொன்னேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உலகத்துல ரெண்டாவதா வந்திருக்காருடா. நீ வகுப்புல எத்தனாவது?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அப்பாவின் பதில் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. நான் சொன்னது தவறு என்று இன்று எனக்குத் தெரியும். அப்பா சொன்னதும் முழுப் பதில் இல்லை என்பதே என் கருத்து. ஒரு விளையாட்டு வீரரை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி அன்று தொடங்கியது. பல ஆண்டுகள் என்னை விடவே இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். லீ மூன்று ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குப் போனார். 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோ. மூன்றிலும் வெள்ளி. உலக வெற்றியாளர் பட்டத்தை அவர் ஒருமுறைகூட வெல்லவில்லை. 2011இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில், இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை அவருக்கு இருமுறை வந்தது. இருமுறையும் லின் டான் தப்பித்துக்கொண்டார். கடைசி செட் 21-23. இருவரும் மொத்தம் 40 முறை மோதினார்கள். லீ வென்றது 12, லின் டான் வென்றது 28.

இந்தக் கணக்கை மட்டும் காட்டினால், பன்னிரண்டு வயதுப் பையன் கத்தியது சரிதானே என்று தோன்றும்.

இப்போது மறுபக்கம். உலகத் தரவரிசையில் லீ மொத்தம் 349 வாரங்கள் முதலிடத்தில் இருந்தார். அதில் 199 வாரங்கள் தொடர்ச்சியானவை. அகில இங்கிலாந்துப் பட்டத்தை நான்கு முறை வென்றார். மலேசியப் பொதுப் போட்டியைப் பன்னிரண்டு முறை வென்றார். முக்கியமான நேரத்தில் கோட்டை விடுகிறவர் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் உலகின் முதல் ஆட்டக்காரராக இருக்க முடியாது.

அப்படியானால் வெள்ளியைத் தங்கம் என்றே சொல்லிவிடலாமா? "எங்களுக்கு நீங்கள்தான் தங்கம்" என்று ரசிகர்கள் பலர் அன்பாகச் சொன்னோம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. லண்டனில் தோற்ற பிறகு லீ அழுதார், நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். தனக்கு எது கிடைக்கவில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். அவர் தோல்வி என்று எடுத்துக்கொண்டதை நாம் வெற்றி என்று பெயர் மாற்றினால், அவர் எதற்காக உழைத்தார் என்பதையே மறைத்துவிடுகிறோம். கேட்கவேண்டிய கேள்வி வேறு: அவரிடம் இருந்ததில் எவ்வளவு கொடுத்தார்?

அதே ஆண்டு மே மாதம் தோமஸ் கிண்ணப் போட்டியில் லீயின் கணுக்காலில் காயம் ஏற்பட்டது. அந்தக் காலோடுதான் ஆகஸ்டில் லின் டானை மூன்றாவது செட்டின் கடைசிப் புள்ளிகள்வரை இழுத்துச் சென்றார். 2014இல் தடைசெய்யப்பட்ட மருந்து உடலில் இருந்ததாகச் சோதனையில் தெரியவந்தது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. ஆனாலும் எட்டு மாதத் தடை. அந்த ஆண்டு உலகப் போட்டியில் பெற்ற வெள்ளியும் பறிபோனது. முப்பது வயதைத் தாண்டியவர் அத்துடன் போயிருக்கலாம். அவரோ தடை முடிந்ததும் திரும்பி வந்து, 2015இலேயே சீனப் பொதுப் போட்டியையும் ஹாங்காங் பொதுப் போட்டியையும் வென்றார். மறு ஆண்டு ரியோ அரையிறுதியில் 15-21, 21-11, 22-20 என்று லின் டானையே தோற்கடித்தார். அடுத்த நாள் இறுதியில் சென் லோங்கிடம் 18-21, 18-21.

லீ கொடுக்காமல் வைத்துக்கொண்டது எதுவுமில்லை. எதிரே நின்றவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். லின் டான் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் ஐந்து உலகப் பட்டமும் வென்றவர். அவரும் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்தவர்தான். நம் ஆள் தோற்றால் நம் ஆளிடம் மட்டுமே குறை தேடுவது ரசிகர்களின் பழக்கம். எதிராளிக்கும் திறமை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொரு வீரரைப் பார்ப்போம். ஆஸ்திரேலிய டென்னிஸ் வீரர் நிக் கிர்கியோஸ். இவருடைய தாயார் மலேசியாவில் பிறந்தவர். 2014 விம்பிள்டனில், தரவரிசையில் 144ஆவது இடத்தில் இருந்த இந்தப் பத்தொன்பது வயது இளைஞர், முதல்நிலை ஆட்டக்காரரான ரஃபேல் நடாலை வீழ்த்தினார். ஃபெடரர், நடால், ஜோகோவிச் மூவரையும் முதல் சந்திப்பிலேயே தோற்கடித்தவர். அவர் சர்வீஸ் போடுவதைப் பார்த்தால் டென்னிஸ் தெரியாதவருக்கும் பிடித்துப்போகும்.

ஆனால் அவர் எட்டிய உயர்ந்த தரநிலை 13. ஒற்றையர் பிரிவில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் ஒன்றுகூட இல்லை. 2016 ஷாங்ஹாய் போட்டியில் அவர் பந்தை ஏனோதானோ என்று தட்டிவிட்டு, எதிராளியின் பந்து வருவதற்கு முன்பே தன் நாற்காலியை நோக்கி நடந்தார். அதற்கு அபராதமும் தடையும் கிடைத்தன. தனக்கு டென்னிஸைவிடக் கூடைப்பந்துதான் பிடிக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். 2022 விம்பிள்டன் இறுதிக்கு வந்து ஜோகோவிச்சிடம் தோற்றபோது, "இத்தனை நாள் இவர் எங்கே இருந்தார்?" என்றுதான் எனக்குத் தோன்றியது.

லீயும் இறுதியில் தோற்றார், கிர்கியோஸும் இறுதியில் தோற்றார். சாதிக்க முடிந்தும் சாதிக்காதவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் நான் கிர்கியோஸைத்தான் சொல்வேன். அதையும் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்வேன். மனச்சோர்வோடு போராடிய காலத்தைப் பற்றி அவரே பின்னர் பேசியிருக்கிறார். திரையில் அலட்சியமாகத் தெரிந்ததற்குப் பின்னால் என்ன இருந்தது என்பது சோபாவில் சாய்ந்து பார்த்த நமக்குத் தெரியாது.

அளவுகோலே நியாயமாக இல்லாத நேரமும் உண்டு. லீ வளர்ந்தது பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில். அதே பினாங்கின் மகள் ஸ்குவாஷ் வீராங்கனை நிக்கோல் டேவிட். எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் உலகின் முதல்நிலை. அவரிடம் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை. காரணம், அவர் ஆடிய காலத்தில் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் சேர்க்கப்படுகிறது. நிக்கோலோ 2019இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஒலிம்பிக் பதக்கத்தை மட்டும் வைத்து அளந்தால், நம் நாடு கண்ட மிகப் பெரிய வீராங்கனையின் கணக்கில் பூச்சியம்தான் இருக்கும்.

இதெல்லாம் வெறும் மாமாக் கடை விவாதம் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். 2018 மார்ச்சில் என் எஸ்.பி.எம். முடிவு வந்தது. பத்துப் பாடம், எட்டு ஏ. கூடுதல் கணிதத்தில் பி, இயற்பியலிலும் பி. வீட்டுக்கு வந்த அத்தை முடிவுத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மீதி ரெண்டு என்னடா ஆச்சு?"

அன்றிரவு அந்த இரண்டு 'பி'யையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படிவம் நான்கில் கூடுதல் கணிதத்தில் நான் தேறவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆசிரியரிடம் போய், பழைய தேர்வுத் தாள்களைப் போட்டுப் பார்த்து, தப்பு விட்டு, மறுபடியும் போட்டு வாங்கிய 'பி' அது. அதற்கு மேல் அன்று என்னிடம் இல்லை. இயற்பியல் அப்படியல்ல. வகுப்பில் கேட்டாலே எனக்குப் புரிந்துவிடும். 'இவனுக்கு ஏ நிச்சயம்' என்று ஆசிரியர் நம்பினார், நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் கடைசி இரண்டு மாதங்கள் புத்தகத்தைத் திறக்காமல் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

தாளில் இரண்டும் ஒரே எழுத்துதான். அத்தைக்கு வித்தியாசம் தெரியாது, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். ஒன்று லீ சோங் வெய் வாங்கிய வெள்ளி. மற்றொன்று கிர்கியோஸ் நாற்காலியை நோக்கி நடந்த நடை.

தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். முடிவுத்தாள் வரும் நாளில் சுற்றியிருப்பவர்கள் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும், பதில் சொல்லுங்கள். பிறகு தனியாக உட்கார்ந்து, எந்த மதிப்பெண் எந்தக் கதையைச் சொல்கிறது என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். முழுதாகக் கொடுத்தும் கிடைக்காததற்கு வருத்தப்படலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. கொடுக்காமல் விட்டதற்கு யாரும் திட்டாவிட்டாலும் நமக்கு நாமே கணக்குச் சொல்லியாக வேண்டும்.

போன மாதம் அப்பாவிடம் அந்த லண்டன் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "அந்த மூணாவது செட்டு மட்டும் கிடைச்சிருந்தா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்கும் அந்த வெள்ளி இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.