கார் மாற்றும்போது இன்சூரன்ஸை ஒப்பிடுவது எப்படி?

பருப்பு வாங்க நாலு மண்டியில் விலை விசாரிக்கும் நாம், கார் மாற்றும்போது ஷோரூமில் சொல்லும் இன்சூரன்ஸ் தொகையை அப்படியே கட்டிவிடுகிறோம். அடியேனும் அப்படிக் கட்டியவன்தான். ஐந்து வருடம் கிளெய்ம் வாங்காமல் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடி போயிற்று.

அந்த 'நோ கிளெய்ம் போனஸ்' காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றதும் பழைய கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டால், மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் புதுக் காருக்கு எந்தக் கம்பெனியிலும் செல்லும்.

மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் அரசு நிர்ணயிப்பது. எங்கு கேட்டாலும் ஒன்றே. வித்தியாசமெல்லாம் சொந்தச் சேதப் பகுதியில்தான். அங்கே தொகை குறைவாக இருந்தால், காருக்குப் போட்டிருக்கும் மதிப்பையும் பாருங்கள். எடை குறைந்த மூட்டை மலிவாகத்தானே இருக்கும்!

2023 டிசம்பரில் ஜங்ஷன் பஸ் நிலையம் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். முழுப் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால் பொதுவாக ஏற்காது. எஞ்சினுக்கென்று கூடுதல் காப்பு தனியாக உண்டு. ஆற்றோரத்தில் கடையோ வீடோ உள்ளவர்கள் அதன் நிபந்தனையையும் படித்து, அதையும் சேர்த்தே எல்லாக் கம்பெனியிலும் விலை கேளுங்கள்.