காட்டை அறிந்தவர்கள்

காட்டு மரத்தில் பட்டை உரித்துக் கடத்தியவர்களிடமே அந்தக் காட்டை ஒப்படைத்தால் என்ன ஆகும்?

தேக்கடியில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், நேயர்களே! அங்கே பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயனா என்றொரு மரம் உண்டு. இலவங்கப்பட்டைக்கு நெருங்கிய சொந்தம். அதன் பட்டைக்கு நல்ல கிராக்கி என்பதால் ஒரு கூட்டம் அதை உரித்துக் கடத்திவந்தது. பிடிபட்டால் வழக்கு, இல்லையென்றால் தலைமறைவு. இதெல்லாம் ஒரு பிழைப்பா?

1990-களின் பிற்பகுதியில் கேரள வனத்துறை வேறு மாதிரி யோசித்தது. கடத்தலை விட்டுவிடுங்கள், வருமானத்துக்கு வழி செய்கிறோம் என்றது. அவர்களும் சரணடைந்தார்கள்.

அப்படித் தொடங்கியதுதான் 'பெரியாறு டைகர் டிரெயில்' என்ற நடைப்பயணம். சுற்றுலா வருபவர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போவது, கூடாரம் போட்டுத் தங்கவைப்பது, சுடச்சுடச் சமைத்துப் போடுவது எல்லாம் அந்த முன்னாள் கடத்தல்காரர்கள்தான். பயணிகள் கட்டும் கட்டணத்திலிருந்து அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

யானை எந்தப் பக்கம் வரும், கடத்தல்காரர்கள் எந்த வழியாக நுழைவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி ஆயிற்றே! அதனால் காட்டுக்குள் ரோந்து போவதும் அவர்கள் வேலையானது.