தோலுரிக்கச் சொல்லும் ஹார்மோன், கிருமியோடு போரிடவும் சொல்கிறது

பூச்சிகளுக்கும் ரத்தம் உண்டு. பெரும்பாலும் அது சிவப்பாக இருக்காது; ஆக்சிஜனைச் சுமப்பதும் அதன் வேலையல்ல. 'ஹீமோலிம்ஃப்' எனப்படும் இந்தத் திரவத்தில் மிதக்கும் அணுக்கள்தான் பூச்சியின் காவல்படை. நம் உடலைப் போல ஆன்டிபாடிகளை உருவாக்கும் வசதி பூச்சிகளுக்குக் கிடையாது.

பழ ஈயின் புழுப் பருவத்தில் இந்த அணுக்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பிளாஸ்மட்டோசைட்டுகள். கிருமிகளை விழுங்கிச் செரிப்பவை இவைதான். ஒட்டுண்ணிக் குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிட்டால், லாமெல்லோசைட் என்ற தட்டையான அணுக்கள் புதிதாக உருவாகி அந்த முட்டையைச் சுற்றி மூடிவிடும்.

இந்த அணுக்கள் எப்போது முனைப்புக் கொள்ள வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதில் ஹார்மோன்களுக்குப் பெரும்பங்கு உண்டு. முக்கியமானது எக்டைசோன். 1954இல் ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டெனான்ட்டும் பீட்டர் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தெடுத்தார்கள். தோலுரிப்பையும் உருமாற்றத்தையும் தொடங்கிவைப்பது இதுவே.

உருமாற்றம் ஆபத்தான காலம். புழுவின் பழைய திசுக்கள் சிதைகின்றன. கிருமி நுழைந்தால் பெருகுவதற்கு வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் ஏறும் எக்டைசோன், உடற்சுவரில் ஒட்டிக்கிடந்த பிளாஸ்மட்டோசைட்டுகளைக் கிளப்பிவிடுகிறது. அவை அலைந்து திரிந்து சிதைந்த திசுக்களை அகற்றுகின்றன; பாக்டீரியாவையும் கூடுதலாக விழுங்குகின்றன. எக்டைசோனை உணரும் திறனை இந்த அணுக்களில் மட்டும் முடக்கினால், தொற்றுக்குப் பலியாகும் பழ ஈக்கள் அதிகரிக்கின்றன.

கொசுவிலும் இதே ஏற்பாடுதான். பெண் அனாஃபிலிஸ் ரத்தம் குடித்ததும் முட்டை வளர்ச்சிக்காக எக்டைசோன் சுரக்கிறது. அந்த ஹார்மோனைச் செலுத்திய கொசுக்களில் ரத்த அணுக்களின் விழுங்கும் திறன் கூடியது. அவற்றின் உடலில் எலி மலேரியா ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

எதிர்த்திசையில் இழுப்பது ஜுவனைல் ஹார்மோன். இனச்சேர்க்கைக்குப் பின் பெண் பழ ஈயில் இது முட்டை உற்பத்தியை முடுக்கி, நோய் எதிர்ப்பைத் தளர்த்துகிறது. சந்ததிக்கும் தற்காப்புக்கும் ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவு செய்ய வேண்டியிருக்கிறது.

கொசுப்புழுவை ஒழிக்கப் பயன்படும் மெத்தோபிரீன், ஜுவனைல் ஹார்மோனைப் போலவே செயல்படும் வேதிப்பொருள். பழ ஈ ஆய்வுகளில் அது கிருமி எதிர்ப்புப் புரதங்களின் உற்பத்தியையும் அடக்கியது. ஆகவே இத்தகைய மருந்துகளை மதிப்பிடும்போது, அவை வளர்ச்சியைத் தடுப்பதை மட்டும் பார்த்தால் போதாது. பூச்சியின் நோய் எதிர்ப்பில் ஏற்படுத்தும் மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.