வெள்ளவத்தையில் ஒரு பிளாட்: திறப்பை வாங்க முதல்

சாம்பல்தீவில் வாடகை வீடு தேடுவதென்றால் பெரும்பாலும் தெரிந்த ஆட்களோடுதான் கதை. வீட்டுக்காரர் யார், தகப்பன் யார், காணியில் என்ன வழக்கு என்பதெல்லாம் நிலாவெளி வீதியில் இரண்டு கடை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும். கலியாணம் முடிந்த கையோடு வேலைக்காகக் கொழும்புக்கு ரயில் ஏறும் தம்பதிக்கு இந்த வசதி கிடையாது. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் எழும்பி நிற்கும் மாடிகளில் பல பிளாட்டுகளின் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார். திறப்பு இருப்பது அவருடைய மச்சானிடம், அல்லது மச்சானுக்குத் தெரிந்த தரகரிடம்.

"ஓனர் வெளியில தம்பி, எல்லாம் நான்தான் பாக்கிறன். ஆறு மாச அட்வான்ஸத் தந்தா இண்டைக்கே திறப்பத் தாறன்."

கேட்க இனிப்பான பேச்சு. ஆனால் 'நான்தான் பாக்கிறன்' என்பவருக்கு அந்த அதிகாரம் எழுத்தில் இருக்கிறதா? வெளிநாட்டில் இருப்பவருக்காக வாடகைக்கு விடுபவரிடம் அற்றோணித் தத்துவம் இருக்க வேண்டும். அதன் பிரதியைக் கேளுங்கள். அது பதியப்பட்டதா, வாடகைக்கு விடவும் பணம் பெறவும் அதில் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். ஆகவே உரிமையாளரோடு ஒருமுறை வீடியோவில் கதைத்துவிடுவது நல்லது. அந்த மாடியின் பதிவேட்டைக் காணிப் பதிவகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பிளாட் வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருந்தால் அதில் தெரியும். ஈடு முதலில் பதியப்பட்டிருந்தால், வங்கி ஏலத்துக்கு வரும்போது உங்கள் வாடகை ஒப்பந்தம் பின்வரிசையில்தான் நிற்கும். கேட்டால் தரகருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

அடுத்தது ஒப்பந்தம். பலர் முத்திரை ஒட்டிய தாளில் இரு பக்கமும் கையெழுத்து வைத்துவிட்டு, ஒரு வருடத்துக்குக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் ஒப்பமிட்டால்தான் செல்லும் என்கிறது அது. வெறுந்தாளில் எழுதிய ஒரு வருட ஒப்பந்தம் அந்த ஒரு வருடத்தைத் தராது. அதற்காக நீங்கள் அத்துமீறிக் குடியிருப்பவராகவும் ஆகிவிடமாட்டீர்கள். மாதாமாதம் வாடகை வாங்கி வந்தால் உங்களை மாத வாடகையாளராகவே சட்டம் பார்க்கும். என்ன, ஒரு மாத அறிவித்தலோடு உங்களை எழும்பச் சொல்லலாம்.

நொத்தாரிசுக் கூலி கொஞ்சம் கனம்தான். அட்வான்ஸாகக் கைமாறும் தொகையோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை. உறுதி சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டியது நொத்தாரிசின் கடமை. 'எல்லாருக்கும் இதே ஃபோர்ம்தான்' என்பது விளக்கம் ஆகாது. முடிந்த உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். பிறகு பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது வதிவிடத்தைக் காட்டவும் அது உதவும்.

கணவன் மனைவி இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கணவர் மட்டும் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு கட்டாருக்குப் போய்விட்டால், கதவைத் தட்டும் வீட்டுக்காரருக்கு முன் மனைவி வெறுங்கையோடு நிற்க வேண்டி வரும்.

முற்பணத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரில் உலாவுகிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே என்பார்கள். அது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். 1980இல் அதைத் திருத்தியபோது, அந்த ஆண்டுக்குப் பின் கட்டி வாடகைக்கு விடும் குடியிருப்புகளை அதன் பிடியிலிருந்து விட்டுவிட்டார்கள். வெள்ளவத்தையின் புது மாடிகளில் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. அங்கே உங்களைக் காப்பது ஒப்பந்தத்தில் எழுதியதும் பற்றுச்சீட்டும்தான். பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள். குடிபோகும் அன்றே சுவர் வெடிப்பு, கழிவறைக் குழாய், மின்மானி எண் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸில் 'பெயின்ட் காசு' கழிக்கும் நாளில் அந்தப் படங்கள் பேசும். தராமல் இழுத்தால் சின்னத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபை. வழக்குப் பேச வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

வாடகைக்கு விடுபவருக்கும் சட்டம் கை கொடுத்திருக்கிறது. குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்பதற்கென்றே 2023இல் தனிச் சட்டம் வந்தது. அதற்கும் நீதிமன்றம் போகத்தான் வேண்டும். பூட்டை மாற்றுவது, தண்ணீரை வெட்டுவது, சாமானைப் படிக்கட்டில் இறக்கி வைப்பது போன்றவற்றுக்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. வாடகை பாக்கி இருந்தாலும் இதுதான் நிலை.

அப்படி வெளியே தள்ளப்பட்டால் நாளை எண்ணத் தொடங்குங்கள். முதலில் பொலிஸில் முறைப்பாடு. கொழும்பிலும் தமிழில் சொல்லவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தந்திருக்கிறது. பொலிஸார் 'இது சிவில் பிரச்சினை' என்று கையை விரித்தால், 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், சமாதானம் குலையும் நிலை இருக்கும்போது நீங்களே மனுச் செய்யலாம். மனுவுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்பக் குடியமர்த்த நீதவானுக்கு அதிகாரம் உண்டு. சொந்தக்காரர் யார் என்பதை அங்கே பார்ப்பதில்லை. யார் குடியிருந்தார் என்றுதான் பார்ப்பார்கள். மின்கட்டணச் சீட்டு, பக்கத்து வீட்டாரின் சத்தியக்கடதாசி, சாவடிக் காவலாளியின் வரவுப் புத்தகம்கூட அப்போது சான்றாகும். 'வீட்டுக்காரர் இறங்கி வருவார்' என்று ஊரில் மூன்று மாதம் காத்திருப்பவர் இந்த வழியை இழந்துவிடுகிறார்.

கொழும்பில் குடியேறும் தமிழருக்கு இன்னொரு பயமும் உண்டு: பொலிஸ் பதிவு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அந்த மனுவுக்கு ஆதாரம், நாட்டில் விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையைத் தரும் 14(1)(ஏ) உறுப்புரை. இப்போதும் பொலிஸ் விபரப் படிவம் வந்தால் கொண்டுவந்தவரின் பெயரையும் நிலையத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிரப்பினால் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அரச அதிகாரி உரிமையை மீறினால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் 'தமிழருக்குக் கொடுக்கமாட்டோம்' என்கிற தனியார் வீட்டுக்காரரை இந்த வழியால் பிடிக்க முடியாது. அது நம் சட்டத்தில் இருக்கும் ஓட்டை.

கொழும்பு வீட்டைப் பற்றி இவ்வளவும் யோசிப்பவர்கள் சாம்பல்தீவில் பூட்டிவிட்டுப் போகும் வீட்டை மறந்துவிடுகிறார்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் உங்கள் காணியை உங்களுக்கு எதிராகப் பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை கோரலாம். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தோருக்காக 2016இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அந்தக் காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். வேலைக்காகப் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள இருத்தும் சித்தப்பாவானாலும், அவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, பிரதி ஒன்றை உறுதியோடு சேர்த்து வையுங்கள். சோலை வரி கட்டும் இடமென்றால் அந்தச் சீட்டும் உங்கள் பெயரிலேயே வரட்டும்.